ஸ்கேனில் தெரிய வந்த பிறவித் துளை

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் ‘உதரவிதானப் பிறவிக் குடலிறக்கம்’ என்ற வரியைக் கண்டு கலங்கி வருவோர் உண்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் இத்தசைத்திரை கருவிலேயே மூடிக்கொள்ள வேண்டும். மூடாத இடைவெளி பின்புறம் இருப்பின், 1848இல் அதனை விவரித்த போக்டலெக்கின் பெயரால் வழங்கும். மார்பெலும்புக்குப் பின்னே இருப்பின் மோர்காக்னி வகை. பெயரில் குடல் இருந்தாலும், பெரியவர்களிடம் பல நேரங்களில் அதன் வழியே ஏறியிருப்பது சிறிதளவு கொழுப்பே, கண்காணிப்பே போதுமானதாகலாம். குடலோ இரைப்பையோ ஏறியிருந்தால் நிலை வேறு: முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபடலாம் என்பதால், தொல்லை இல்லாவிடினும் அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதுண்டு.

திடீர் மார்புவலி, வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே அவசரப் பிரிவுக்கு வருக. உடன் வருபவர் பழைய ஸ்கேன் அறிக்கையை மருத்துவரிடம் காட்டுக. மார்புக்குள் ஏறிய குடல், எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சூழ்ந்த காற்றைப் போலவோ நீரைப் போலவோ தோன்றி ஏமாற்றக்கூடும்.