டவர் இல்லாத இடத்திலும் ஓடுமா உங்கள் ஆப்?

லிஃப்ட் பழுதுபார்க்க இறங்கும் குழிக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. சுற்றிலும் கான்கிரீட், தலைக்கு மேல் இரும்பு. அடுக்குமாடிகளின் அடித்தள ஜெனரேட்டர் அறை, குளிர்பதனக் கிடங்கின் உள்ளறை, 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் வால்பாறை எஸ்டேட்டுகளின் மூலை முடுக்குகள் எல்லாம் இதே கதைதான். சர்வீஸ் இன்ஜினியருக்கு வேலையே இப்படிப்பட்ட இடங்களில்தான். அவர் கையில் இருக்கும் ஆப்போ, பல நேரம் நெட் போனதும் நின்றுவிடுகிறது.

பேரிங் மாற்றியாயிற்று, படம் எடுத்தாயிற்று, வாடிக்கையாளர் திரையில் கையெழுத்தும் போட்டுவிட்டார். சேமிக்கப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூடித் திறந்தால் எல்லாம் காலி. ஜாப் க்ளோஸ் ஆகாததால் அன்றைய கணக்கில் அந்த வேலை சேராது. உழைத்தவருக்கே நஷ்டம், இது அநியாயம்.

இத்தனைக்கும் இதற்கான வழி புதிதல்ல. சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்யநாராயணன், அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1980களின் பிற்பகுதியில் 'கோடா' என்ற கோப்பு முறையைத் தொடங்கினார். இணைப்பு அறுந்தாலும் வேலை தொடர்வது எப்படி என்று அவரும் ஜேம்ஸ் கிஸ்லரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1992-ல் ஆய்விதழில் வெளிவந்தது. தேவைப்படுவதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள். இணைப்பு இல்லாதபோது கைவசம் உள்ள பிரதியில் வேலை செய்து, மாற்றங்களைக் குறித்து வை. இணைப்பு வந்ததும் சர்வரோடு சேர்த்துவிடு. நல்ல சர்வீஸ் ஆப்பின் அடிப்படை இன்றும் இதுதான்.

முதல் இரண்டும் சுலபம். காலையில் கிளம்பும்போதே அன்றைய ஜாப் பட்டியல், இயந்திரத்தின் பழைய சர்வீஸ் விவரம், உதிரிபாக விலை எல்லாம் போனில் இறங்கியிருக்க வேண்டும். சிக்கல் மூன்றாவதில்தான்.

கிடங்கில் 7 பேரிங் இருப்பதாக இருவர் போனிலும் பதிவாகியிருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் 2 எடுத்துக்கொண்டு 'மீதி 5' என்கிறார். இன்னொருவர் 1 எடுத்து 'மீதி 6' என்கிறார். கடைசியாக வந்ததே சரி என்று சர்வர் எடுத்துக்கொண்டால் கணக்கில் 6 இருக்கும்; அலமாரியில் 4தான் இருக்கும். 'மீதி இவ்வளவு' என்று எழுதாமல் '2 எடுத்தேன்', '1 எடுத்தேன்' என்று போன் எழுதி வைத்தால் இந்தக் குழப்பமே வராது. அதேபோல, பதிவு போய்ச் சேர்ந்த பிறகு பதில் வருவதற்குள் சிக்னல் போனால், போன் அதையே மறுபடி அனுப்பும். ஒரே வேலைக்கு இரண்டு பில் விழும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் கொடுத்துவிட்டால், வந்ததே திரும்ப வந்திருக்கிறது என்று சர்வர் ஒதுக்கிவிடும்.

லாகின் காலாவதி விஷயம் இன்னும் மோசம். மலை மேல் ஆப் வெளியே தள்ளிவிட்டால், திரும்ப நுழைய நெட் வேண்டும். ஓடிபி இல்லாமல் ஜாப்பை முடிக்க முடியாது என்றாலும் இதே கதிதான்.

ஆப் வாங்கப்போகும் நிறுவனத்தாருக்கு ஒரு வேண்டுகோள். செய்முறை விளக்கத்தை உங்கள் அறையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, உங்கள் இன்ஜினியர் ஒருவரையே 3 ஜாப்களை முடிக்கச் சொல்லுங்கள். போனை அணைத்து மறுபடி போட்டு, நெட்டைக் கொடுங்கள். அலுவலகக் கணினியில் மூன்றும் தலா ஒரு முறை மட்டுமே, படம், கையெழுத்தோடு வந்து சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஆப்பை வாங்காதீர்கள்.