ஆலிவ் மரத்துக்கு என்ன பசி?

வாழைத் திசு வளர்ப்பில் கை பழகியவர்களுக்கு ஆலிவ் பிடிபட நாளாகும். நானும் வாழையில்தான் தொழில் கற்றேன். கிழங்கின் குருத்தைப் புட்டியில் வைத்தால் பக்கக் கன்றுகள் கொத்தாகக் கிளம்பும்; பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டே போகலாம். ஆலிவ் புட்டிக்குள்ளும் ஒற்றைத் தண்டாகவே நிமிர்ந்து வளரும். நுனி மொட்டு மற்ற மொட்டுகளை எழவிடாது. அதனால் கணுக்கணுவாக நறுக்குகிறோம். ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை, இலைக்கக்கத்தில் மொட்டு. அடுத்த செடி அதிலிருந்துதான்.

விதையில் முளைத்த ஆலிவ் தாய்மரத்தைப்போல் காய்க்காது. கிளைத்துண்டை நடலாம் என்றால், ஸ்பெயினின் அர்பெக்கினா ரகம் சுலபமாக வேர்விடும். கிரேக்கத்தின் கலமாட்டா லேசில் விடாது. அப்படிப்பட்ட ரகங்களுக்குப் புட்டி வேண்டும்; புட்டியில் என்ன உணவு ஊற்றுவது என்பதுதான் கேள்வி.

இத்தாலிய ஆய்வாளர் எட்டோ ருஜினியின் வேலை இங்கேதான் வருகிறது. 1962இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவை வைத்து வகுத்த சத்துக் கலவையான ஊடகத்தைத்தான் பல ஆய்வுக்கூடங்கள் எல்லாச் செடிக்கும் ஊற்றிவந்தன. ருஜினி ஆலிவின் தளிரையும் விதைக்கருவையும் பகுப்பாய்ந்து, எந்தத் தாது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பக் கலவையை அமைத்தார். சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், துத்தநாகம் எல்லாம் அதில் கூடுதல். 1984இல் வெளிவந்த அந்தக் கலவை இன்றும் ‘ஆலிவ் ஊடகம்’ என்றே வழங்குகிறது. செடியிடமே கேட்டுச் சமைத்த சாப்பாடு அது. இந்தத் துறையில் நான் இதைவிட மதிக்கும் வேலை வேறில்லை.

சீனிக்குப் பதில் மேனிட்டால் போடும் கூடங்களும் உண்டு; ஆலிவ் இலை தானே செய்து உடலெங்கும் அனுப்பும் சர்க்கரைப் பொருள்களில் அதுவும் ஒன்று. மொட்டு எழ ஸியாட்டின் என்ற வளர்ச்சி ஊக்கி வேண்டும். வாழைக்கு ஊற்றும் பென்சைல் அடினினைவிட அது மிக விலை கூடியது. கன்றின் விலையை ஏற்றுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

2013இல் இத்தாலியின் புலியா பகுதியில் ஸைலெல்லா பாக்டீரியா இருப்பது தெரியவந்தது. அதன்பின் அங்கே லட்சக்கணக்கில் ஆலிவ் மரங்கள் காய்ந்தன. நோயைத் தாங்கும் லெச்சினோ, எஃப்எஸ்-17 ரகங்களை மறுநடவு செய்கிறார்கள். இப்படி ஒரே ரகம் நிறைய வேண்டியிருக்கும்போது புட்டிச் செடி கைகொடுக்கும். ஆனால் புட்டியில் வளர்ந்தாலே நோயில்லை என்று நம்பிவிடக் கூடாது. இந்தக் கிருமி தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் குடியிருப்பது; கணுவை வெளியே கழுவும் மருந்து அங்கே எட்டாது. நறுக்குவதற்கு முன்பே தாய்மரத்தைச் சோதித்திருக்க வேண்டும். கன்று வாங்குபவர்கள் அந்தச் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.