மாடத்திலிருந்து இறங்கியவர்களின் சபை



அமெரிக்காவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் பாப்டிஸ்டுகள் என்று ப்யூ ஆய்வு மையம் 2014-இல் கணக்கிட்டது. இவர்களுக்கென ஒரே தலைமை கிடையாது. பல பத்து அமைப்புகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இறையியல் வேறுபாடு என்பார்கள். அது பாதிக் கதைதான். மீதிக் கதை அடிமை முறையில் இருக்கிறது.

1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்த ஆங்கிலேயர் சிலர், ஜான் ஸ்மித் என்பவரின் தலைமையில், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்றார்கள். அறிந்து நம்புகிறவருக்கே ஞானஸ்நானம். பிறப்பால் எவரும் சபைக்குள் வந்துவிட முடியாது. (பிறப்பே எல்லாவற்றையும் முடிவுசெய்யும் நாட்டில் இருக்கும் நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.) 1638 வாக்கில் ரோஜர் வில்லியம்ஸ் பிராவிடன்ஸ் நகரில் அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும், மேலே பேராயர் இல்லை என்பது அவர்களின் இன்னொரு கொள்கை.

இந்தச் சுயாட்சி இரண்டு பக்கமும் வெட்டியது.

ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று வர்ஜீனியா 1667-லேயே சட்டம் போட்டிருந்தது. ஆன்மாவுக்கு விடுதலை, உடலுக்கு இல்லை. வெள்ளையர் சபைகள் பலவற்றில் அடிமைகள் மேல்மாடத்தில் உட்கார்ந்தார்கள். ஆனால் பேராயரின் அனுமதி தேவைப்படாத மதத்தில், கூடி நிற்கும் சிலரே ஒரு சபையாகிவிடலாம். அடிமையாயிருந்த ஜார்ஜ் லீல் ஜார்ஜியாவில் பிரசங்கம் செய்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆண்ட்ரூ பிரையன் சவானாவில் ஆப்பிரிக்கச் சபையை வளர்த்தார்; அதற்காகச் சவுக்கடி வாங்கினார். 1831-இல் நாட் டர்னர் என்ற அடிமைப் பிரசங்கி கிளர்ச்சி செய்தபின், கறுப்பர் பிரசங்கம் செய்வதையே வர்ஜீனியா தடை செய்தது.

மறுபக்கம் 1845. அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக ஏற்க மாட்டோம் என்று வடக்கத்திய மிஷன் குழுக்கள் மறுத்ததும், தெற்கத்தியர் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் கூடித் தனி அமைப்பு கண்டார்கள். அதுதான் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு. இன்று நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பு. 2006-இல் 1.63 கோடி உறுப்பினர்கள் இருந்தார்கள், 2024-இல் 1.27 கோடி. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அடிமை முறைக்குத் துணைநின்றதற்கு அது மன்னிப்புக் கேட்டது 1995-இல். சரியாக 150 ஆண்டுகள்.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் கறுப்பின உறுப்பினர்கள் மாடத்தை விட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். 1895-இல் அட்லாண்டாவில் தேசிய பாப்டிஸ்ட் மாநாடு உருவானது. இதற்குப் பின்னால் ஒரு இலக்கியச் சண்டை உண்டு, நம் மன்றத்தில் அதைச் சொல்லாமல் போகக் கூடாது. வடக்கத்திய பாப்டிஸ்ட் பதிப்பகம் ஒன்று 1890 வாக்கில் கறுப்பின எழுத்தாளர்களை எழுத அழைத்தது; தெற்கத்திய வெள்ளையர் எதிர்த்ததும் அழைப்பைத் திரும்பப் பெற்றது. அடிமையாகப் பிறந்த ஆர். எச். பாய்ட் 1896-இல் நாஷ்வில்லில் சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். ஞாயிறு பள்ளிப் பாடங்களைக் கறுப்பரே எழுதி, கறுப்பரே அச்சிட்டார்கள். அந்தப் பதிப்பகம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில்தான் 1915-இல் மாநாடு இரண்டாக உடைந்தது. இதைத் துரோகக் கதையாக்க வேண்டாம். சொத்து என்று ஒன்று இருந்ததால் சண்டை வந்தது.

அடுத்த உடைவு 1961. மாநாட்டுத் தலைவர் ஜே. எச். ஜாக்சன், மார்ட்டின் லூதர் கிங்கின் நேரடிப் போராட்டங்களை ஏற்கவில்லை, நாற்காலியையும் விடவில்லை. கிங்கின் பக்கம் நின்றவர்கள் சின்சினாட்டியில் கூடி, முற்போக்கு தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டைத் தொடங்கினார்கள். அதில் தலைவரின் பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்தார்கள். ஜாக்சன் 1982 வரை தலைவராகவே இருந்தார்.