காலால் படிக்கும் எழுத்து!

சென்னை மெட்ரோ ரெயில் நிலையத்துக்குப் போனவர்கள் தரையைக் கவனித்திருப்பார்கள். மேடு மேடான கற்களைப் பதித்து, நீளமாக ஒரு பட்டை போட்டிருக்கும். சில கற்களில் நீளக் கோடுகள் இருக்கும். சில கற்களில் வட்டக் குமிழ்கள் இருக்கும்.

"கால் வழுக்காமல் இருக்கப் போட்டது" என்று சிலர் நினைக்கிறார்கள். "அழகுக்காக" என்பாரும் உண்டு. இரண்டும் அல்ல. கண் பார்வை இல்லாதவர்கள் காலால் படிக்கும் எழுத்து அது!

மொத்தம் இரண்டே எழுத்துதான். கோடு என்றால், "இப்படியே போகலாம்." குமிழ் என்றால், "நில், கவனி!" முன்னால் படிக்கட்டு இருக்கலாம். பாதை திரும்பலாம். பிளாட்பாரத்தின் விளிம்பே வந்திருக்கலாம். கைத்தடி பட்டாலும் தெரியும். செருப்புப் போட்ட காலுக்கும் தெரியும்.

கண்டுபிடித்தவர் யார்?

ஜப்பான் நாட்டில் ஒகயாமா என்று ஒரு நகரம். அங்கே தங்கும் விடுதி நடத்தி வந்தவர் செய்இச்சி மியாகே. அவர் என்ஜினீயர் அல்ல. புதிதாக எதையாவது செய்து பார்ப்பதில் ஆசை உள்ளவர்.

அவருடைய நண்பர் ஒருவர் பார்வையை இழந்தார். பாசி படர்ந்த தரை எங்கே முடிகிறது, வெறும் மண் எங்கே தொடங்குகிறது என்பது செருப்புக் காலுக்கே தெரிகிறது என்று அந்த நண்பர் சொன்னாராம். மியாகேக்கு அது போதும். கல்லில் குமிழ் வைத்துப் பார்த்தார். 1965-ம் ஆண்டில் கல் உருவாகிவிட்டது.

1967-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி, ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே, சாலையைக் கடக்கும் இடத்தில் முதன்முதலாக அந்தக் கற்களைப் பதித்தார்கள். அப்போது குமிழ்க் கல் மட்டும்தான். கோட்டுக் கல் பிறகு வந்தது.

நல்ல பொருள்தான். ஆனால் வாங்க ஆள் வரவில்லை! மியாகே கைப்பணத்தைப் போட்டுக் கல் செய்தார். பல ஊர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்.

ஒரு உயிர் போயிற்று

1970-ம் ஆண்டில் ஒசாகா நகரின் ஒரு ரெயில் நிலையப் பிளாட்பாரத்தில் இந்தக் கல் ஏறியது. மற்ற நிலையங்கள் அவசரம் காட்டவில்லை.

1973-ம் ஆண்டு. டோக்கியோவில் தகதனோபாபா ரெயில் நிலையம். பார்வை இல்லாத ஒருவர் பிளாட்பாரத்திலிருந்து தவறித் தண்டவாளத்தில் விழுந்தார். ரெயில் மோதி இறந்தார். அந்தப் பிளாட்பாரத்தில் குமிழ்க் கல் இல்லை.

"கல் இருந்திருந்தால் எங்கள் பிள்ளை பிழைத்திருப்பான்" என்பதுதான் பெற்றோரின் வாதம். ரெயில்வே மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1986-ல் சமரசம் ஆயிற்று. மியாகே அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

ஏன் மஞ்சள்?

பெரும்பாலும் இந்தக் கல் மஞ்சளாகத்தான் இருக்கும். காரணம் உண்டு. பார்வை இல்லாதவர்கள் என்று நாம் சொல்லுகிறவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வை இருக்கும். கறுத்த தரையில் மஞ்சள் அவர்கள் கண்ணுக்குப் படும். அழகு கெடுகிறது என்று தரையின் நிறத்திலேயே கல்லைப் போடுகிற கட்டடக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது போலும்!

நம் நாட்டிலும் 2016-ம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொதுமக்கள் வந்து போகும் பழைய கட்டடங்களையும், விதிகள் வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மாற்றி அமைக்க வேண்டும் என்று அது கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூன் மாதம் வெளியாயின. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. இன்னும் படிக்கட்டைத் தவிர வேறு வழி இல்லாத அலுவலகங்கள் எத்தனையோ!

கல் பதித்த இடத்திலும் தொல்லை தீரவில்லை. நடைபாதையில் கல்லின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள். கடைக்காரர் பலகையை இழுத்துப் போடுகிறார். பள்ளம் தோண்டியவர்கள் மூடும்போது கல்லைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். கண் உள்ளவருக்கு அது வெறும் கல். கோட்டை நம்பி நடப்பவரோ, "இப்படியே போகலாம்" என்று கல் சொன்னபடி நேரே போய் மின்சாரக் கம்பத்தில் மோதிக்கொள்கிறார்.