படையினரும் குடிசார் அலுவலரும் ஒருங்கே கற்றல்

அரசின் காவலைப் பற்றி ஆராய்ந்த பழந்தமிழ்ச் சான்றோர், அதனைப் படை ஒன்றன் தொழிலாகக் கொண்டாரல்லர். திருவள்ளுவர் பொருட்பாலிலே படையோடு அமைச்சு, குடி, கூழ், அரண், நட்பு என்பனவற்றையும் அரசுக்கு இன்றியமையாத உறுப்புகளாக வைத்தார். இவ்வாறும் ஒருங்கு நிற்றல் வேண்டும். ஆயினும், படைத்தலைவர் ஓரிடத்திலும், ஆட்சி அலுவலர் வேறோரிடத்திலும், அயல்நாட்டு நட்பினர் பிறிதோரிடத்திலும் தத்தம் தொழிலைத் தனித்தனியே கற்பாராயின், இடுக்கண் வந்த நாளில் அவ்வுறுப்புகள் எங்ஙனம் ஒருங்கியங்கும்? இவ்வினாவிற்கு விடையாக இருபதாம் நூற்றாண்டில் தோன்றி வளர்ந்ததே, படையினரையும் குடிசார் அலுவலரையும் ஒரே வகுப்பில் இருத்திப் பாதுகாப்பியலைக் கற்பிக்கும் முறை. அதன் தோற்றம், வழி, எல்லை ஆகியவற்றை விளக்கி, நமுனுகுல மலையடியில் வாழும் ஊவா மக்களுக்கு அதனால் வரும் பயன் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளும் தேவையும்

பிராந்தியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு என்பது, அயலயலேயுள்ள நாடுகள் தமக்குப் பொதுவான இடர்களைத் தடுக்கவும், வந்தபின் தீர்க்கவும் ஒன்றுகூடி முயல்வதாகும். இடர் என்றவுடன் போரையே நினைத்தல் வழக்கம். ஆனால், புயலும் கடற்கோளும் கொள்ளைநோயும் போதைப்பொருட் கடத்தலும் நாட்டெல்லைகளைப் பொருட்படுத்துவதில்லை. இவற்றை எதிர்கொள்ளுமிடத்து இரண்டு இடைவெளிகள் தோன்றுகின்றன. ஒன்று, நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலுள்ளது. மற்றொன்று, ஒரே நாட்டினுள் படையினர்க்கும் குடிசார் அலுவலர்க்கும் இடையிலுள்ளது. படையினர் கட்டளைக்குப் பழகியவர், விரைந்து செயற்படுவர். குடிசார் அலுவலர் சட்டத்துக்கும் கோப்புக்கும் பழகியவர், ஆராய்ந்து செயற்படுவர். இரண்டும் வேண்டப்படும் பண்புகளே. எனினும், ஒருவர் மற்றவரின் தொழில்முறையை அறியாதவிடத்து, விரைவு முரட்டுத்தனமாகவும், ஆராய்ச்சி சோம்பலாகவும் தோன்றும். இவ்விரு இடைவெளிகளையும் இடர் வருமுன்னரே குறைத்து வைப்பதுதான் இக்கல்வியின் குறிக்கோள்.

தோற்றமும் வளர்ச்சியும்

முதல் உலகப்போரின் படிப்பினைகளால் 1927ஆம் ஆண்டில் இலண்டனில் பேரரசுப் பாதுகாப்புக் கல்லூரி தொடங்கப்பெற்றது. முப்படை அதிகாரிகளோடு குடிசார் அலுவலரும் அங்கே பயின்றனர். இரண்டாம் உலகப்போரின் பின் நேட்டோ நாடுகள் தமக்குரிய பொதுக் கல்லூரியை 1951இல் பாரிசில் நிறுவின; அது 1966இல் உரோமுக்கு மாறிற்று. 1993இல் செருமனியில் மார்சல் நிலையமும், 1995இல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் ஆசிய பசிபிக் பாதுகாப்பு ஆய்வு நிலையமும் ஐக்கிய அமெரிக்காவால் அமைக்கப்பட்டன. பின்னையதில் பல நாடுகளின் படையினரும், வெளிநாட்டமைச்சினரும், அனர்த்த முகாமைத்துவ அலுவலரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து கற்கின்றனர்.

தமிழ் மண்ணிலும் இத்தகைய கல்விக்கூடம் ஒன்று உண்டு. தேயிலைச் சரிவுகளால் நம் ஊவாவை நினைவூட்டும் நீலகிரியிலே, குன்னூரையடுத்த வெலிங்டனில், இந்தியாவின் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி அமைந்துள்ளது. 1905இல் தேவலாலியில் தோன்றிக் குவெட்டாவுக்குச் சென்ற படைக்கல்லூரி, 1947இன் பிரிவினைக்குப்பின் இரண்டாகப் பிரிந்தபோது, இந்தியாவின் பங்கு வெலிங்டனை அடைந்தது. இன்று முப்படையினரும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே பயில்கின்றனர். அப்பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டத்துக்குரியதாக ஏற்றுள்ளது. 1960இல் புதுதில்லியில் திறக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்புக் கல்லூரி, ஆட்சிப்பணி, வெளிநாட்டுப்பணி ஆகியவற்றின் மூத்த அலுவலரையும் படையினரோடு சேர்த்துக் கற்பிக்கின்றது.

இலங்கையில் இக்கல்வியின் வேர் நமது மாகாணத்திலேயே உள்ளது. தியத்தலாவை, 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர்க் கைதிகள் தங்கவைக்கப்பட்ட இடமாகும். 1949இல் இலங்கைத் தரைப்படை உருவானபின், 1950இல் அதன் பயிற்சி நிலையம் அங்கே தொடங்கப்பட்டது. பயிலிளவல்களை இங்கிலாந்தின் சான்ட்கேர்ஸ்டு முதலிய இடங்களுக்கு அனுப்பி வந்த வழக்கம் குறைந்து, 1968 முதல் அதிகாரிப் பயிற்சியும் தியத்தலாவையிலேயே நடைபெறலாயிற்று. 1981இல் அது இலங்கை இராணுவக் கல்விக்கழகம் என்னும் பெயர் பெற்றது. நில அளவையாளரைப் பயிற்றும் குடிசார் நிறுவனமும் அதே ஊரில் இருத்தல் கருதத்தக்கது. சேர் யோன் கொத்தலாவலை அளித்த இரத்மலானைக் கந்தவளைத் தோட்டத்திலே அவர் பெயரால் எழுந்த பாதுகாப்புக் கலைக்கூடம், பின்னர்ப் பல்கலைக்கழகமாகி, குடிசார் மாணவரையும் ஏற்கலாயிற்று. மூத்த அதிகாரிகளுக்கான தேசிய பாதுகாப்புக் கல்லூரி 2021இல் கொழும்பில் தொடங்கப்பட்டது.

கற்பிக்கும் முறை

இக்கல்விக்கூடங்களில் விரிவுரை ஒரு பகுதியே. பெரும்பயன் தருவது சிறு குழுக்களின் உரையாடல். வரைபடம் ஒன்றை முன்வைத்து, ஆற்று வெள்ளமோ கப்பல் விபத்தோ நேர்ந்ததாகக் கற்பித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் பதவிக்குரிய முடிவை எடுக்கும் பயிற்சி தரப்படும். 'உலங்குவானூர்தியை யார் கேட்பது? கேட்கும் அதிகாரம் எச்சட்டத்தில் உள்ளது? அயல்நாட்டு மருத்துவர் நம் மண்ணில் மருந்து கொடுக்க யாருடைய அனுமதி வேண்டும்?' என்பன போன்ற வினாக்கள் அப்போது எழும். விடை தெரியாத இடங்கள் வெளிப்படுதலே பயிற்சியின் வெற்றியாகும். வகுப்பிற் சொன்னதை வெளியிற் சொன்னவர் பெயரோடு கூறலாகாது என்னும் ஒழுங்கு பல இடங்களில் உண்டு. ஆதலின், பகை நாட்டவர்தாமும் மனந்திறந்து பேச இயலுகின்றது. அங்கே கிடைக்கும் அறிமுகம், பிற்காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பிற் பல நாளைய தாமதத்தைப் போக்கவல்லது.

ஊவாவில் அதன் சோதனை

கல்வியின் தரத்தை அறிய அதன் பாடத்திட்டத்தை மட்டும் பார்த்தல் போதாது. அது பயன்பட வேண்டிய களத்தையும் பார்த்தல் வேண்டும். 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுலவின் சாரலிலும், பசறை, அப்புத்தளை, கொஸ்லாந்தைச் சரிவுகளிலும் லயன்களில் வாழ்வோர்க்கு மழைக்காலம் அச்சத்துக்குரிய காலமாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டு, லயன் குடியிருப்புகள் மக்களோடு புதையுண்டன. அங்கே வாழ்தல் ஆபத்து என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அவ்வறிவு செயலாவதற்குரிய தொடர்பு இருக்கவில்லை. மண்ணை அகழ்ந்து தேடப் படையினர் வந்தனர்; ஆனால், மக்களை முன்னரே வேறிடத்துக்கு மாற்றுவது படையின் தொழிலன்று. அது நிலம், வீடு, தோட்ட நிருவாகம், உள்ளூராட்சி என்னும் பல கைகளிற் சிதறிக் கிடந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணஞ் செலவிடுவதற்கே 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரை தடை இருந்தமையை இங்கு நினைத்தல் தகும்.

2004 டிசம்பர்க் கடற்கோளின்பின் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், இத்தகைய சிதறலை நீக்கவே எழுந்தது. எனினும், சட்டம் வழியைக் காட்டுமேயன்றி, அவ்வழியில் நடக்கும் பழக்கத்தைத் தானே தந்துவிடாது. 2025 நவம்பர் 28ஆம் நாள் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' புயல் இதனை மீண்டும் உணர்த்திற்று. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பதுளை மாவட்டம் பேரிழப்புக்கு உள்ளான மாவட்டங்களுள் ஒன்று. அவ்வேளை கடற்படை விழாவொன்றின் பொருட்டுக் கொழும்புக்கு வந்திருந்த இந்தியக் கப்பல்கள் உடனே நிவாரணப் பொருள்களை இறக்கின. பதுளை மாவட்டத்து மகியங்கனையில் இந்தியத் தரைப்படையினர் களமருத்துவமனை அமைத்துப் பணிபுரிந்தனர். பாகிஸ்தானும் பிற நாடுகளும் உதவின. தம்முள் பகைகொண்ட நாடுகளும் ஒரே தீவின் துயர்தீர்க்க ஒருங்கே வந்தமை, பிராந்திய ஒத்துழைப்பு வெறுஞ்சொல்லன்று என்பதற்குச் சான்றாகும்.

ஆயின், கப்பலும் மருத்துவமனையும் வந்துசேர்ந்த பின்னரும் ஓர் இடைவெளி எஞ்சியது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. சிங்களம் பேசும் படைவீரனும், தமிழ் பேசும் தோட்டத் தாயும், ஆங்கிலமோ இந்தியோ பேசும் அயல்நாட்டு மருத்துவரும் ஓரிடத்திற் கூடும்போது, 'இன்னும் எத்தனை பேர் உள்ளே இருக்கின்றனர்?' என்னும் சிறு வினா உயிர்காக்கும் வினாவாகின்றது. அதனைக் கேட்டறிய இயலாதவர்க்குப் போர்த்தந்திர அறிவு எவ்வளவு இருந்தும் என்ன பயன்? ஆகவே, மொழியைப் பாதுகாப்புக் கல்வியின் ஒப்பனையாகக் கருதாது, அதன் முதற்பாடமாக வைத்தல் வேண்டும்.

ஐயங்களும் எல்லைகளும்

இக்கல்வியை ஐயுறுவாரும் உளர். அவ்வையங்களைப் புறக்கணித்தல் தகாது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின் வடுக்களைச் சுமக்கும் மக்களிடத்தில் இராணுவச் சீருடை எளிதில் நம்பிக்கையை ஊட்டாது. இலங்கை அதிகாரிகள் வெலிங்டனிற் பயில்வதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் 2012இலும் 2013இலும் குரல் எழுந்தது இதனாலேயே. கொத்தலாவலைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரங்களை விரிக்கும் சட்டமூலம் 2021இல் வந்தபோது, உயர்கல்வி படைத்துறையின் பிடிக்குட் செல்லுமென்று ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தனர்.

இவ்வெதிர்ப்புகளிலிருந்து நாம் பெறும் தெளிவு இது: படையினர் குடிசார் அலுவலரோடு கற்பது வேறு; குடிசார் வாழ்வைப் படையினர் நடத்துவது வேறு. முன்னையதன் பயனாகப் படையதிகாரி, அரசாங்க அதிபரின் கட்டளை எல்லையையும், கிராம உத்தியோகத்தரின் பட்டியலையும், தோட்ட மக்களின் அச்சத்தையும் மதிக்கக் கற்கின்றான். பின்னையது நேருமாயின், கற்றதன் பயனே கெடும். வகுப்பறையில் குடிசார் அலுவலர் விருந்தினராய் இராது, சமமான பங்காளராய் இருந்து, மனிதவுரிமையையும் சட்டத்தின் ஆட்சியையும் பாடப்பொருளாக்கினால்தான் இக்கல்வி மக்களின் நம்பிக்கைக்கு உரியதாகும். அயல்நாடு ஒவ்வொன்றும் தன் செல்வாக்கைப் பரப்பவும் இத்தகைய கல்வியைப் பயன்படுத்தக்கூடும் என்பதையும் சிறுநாட்டினராகிய நாம் மறத்தலாகாது. 2024 ஆகஸ்டில் கொழும்பில் ஒப்பமிடப்பட்ட கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டுச் சாசனம் போன்ற பன்னாட்டு ஏற்பாடுகள், ஒரே நாட்டைச் சார்ந்து நிற்கும் நிலையைச் சிறிது குறைக்கவல்லன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், படையும் அமைச்சும் குடியும் நட்பும் இடுக்கண் வந்தபோது திடீரென ஒன்றுபடுவதில்லை என்பதும், ஒன்றுபடப் பழகுதல் ஒரு கல்வியே என்பதும் விளங்கும். அக்கல்விக்குரிய கூடங்கள் ஹொனலூலுவிலும் வெலிங்டனிலும் உண்டு. தியத்தலாவை நமக்கு மிக அணித்தே உண்டு. ஊவாவின் மலைகளை அறிந்தவர் அங்கே கற்பிப்போரிடையிலும் கற்போரிடையிலும் இல்லாதவரை, அக்கல்வி நம் லயன்களை எட்டாது. மண்ணியல், நில அளவை, மருத்துவம், ஆட்சியியல் ஆகியவற்றை மலையக மாணவர் விரும்பிக் கற்றல் வேண்டும். தமிழோடு சிங்களத்தையும் செவ்வையாய்ப் பயிலல் வேண்டும். அடுத்த பெருமழைக்கு முன்னே அவ்வகுப்பறைகளில் நம்மவர் சிலரேனும் அலுவலராய் அமர்ந்திருப்பாராயின், மீரியபெத்தையில் அறிவுக்கும் செயலுக்கும் இடையே நின்ற வெளி பெரிதும் சுருங்கும். அவர்களை ஆயத்தஞ் செய்வது நம் கல்லூரிகளின் கடனாகும்.