படாளத்தில் மூன்று அரசுகள்: யார் வேலை எது?

மக்களவையில் எத்தனை உறுப்பினர்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். 543 என்று சட்டென்று பதில் வரும். தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது என்று கேட்டால் விழிக்கும். குடிமையியலை நாம் சொல்லித்தரும் விதத்தில் பெரிய குறை இதுதான்.

மதுராந்தகம் பக்கத்தில் உள்ள படாளத்தையே எடுத்துக்கொள்வோம். ஊரை ஒட்டிப் போகும் ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலை; அதில் பள்ளம் விழுந்தால் ஒன்றிய அரசு பொறுப்பு. ரயில் நிலையமும் அப்படியே. காவல் நிலையம் மாநில அரசின் கீழ் வருகிறது. ஊருக்குள் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய் என்றால் ஊராட்சியைத்தான் கேட்க வேண்டும். ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் உள்ள பங்கீடு அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது: ரயில்வே ஒன்றியப் பட்டியலில், காவல்துறையும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில். மாநிலத்திடம் இருந்த கல்வியை 1976-இல் நிறைவேறிய 42-வது திருத்தம் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது.

எல்லாவற்றிலும் கோடு இவ்வளவு தெளிவாக விழுவதில்லை. படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கூட்டுறவு மாநிலத்தின் துறை. ஆனால் கரும்புக்கு ஆலை தர வேண்டிய குறைந்தபட்ச விலையை அறிவிப்பது ஒன்றிய அரசு. அதற்கு மேல் ஊக்கத்தொகை தருவது மாநில அரசு. கரும்புப் பணம் விவசாயியின் வங்கிக் கணக்கில் ஏறும்போது, சென்னையும் டெல்லியும் எடுத்த முடிவுகள் அதில் சேர்ந்தே இருக்கும்.

அமெரிக்காவிலும் அதிகாரம் இப்படிப் பிரிந்துதான் கிடக்கிறது. ஆனால் அங்கே ஒன்றிய அரசுக்கு எழுதிக் கொடுத்தது போக மீதி மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று 1791-இல் வந்த பத்தாவது திருத்தம் சொல்கிறது. இங்கே பட்டியல்களில் இல்லாத அதிகாரம் ஒன்றியத்துக்குப் போய்விடும். அங்கே அதிபர் நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை. அவையில் எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்றாலும் பதவியில் நீடிப்பார். நம் பிரதமருக்கும் முதல்வருக்கும் அவையின் நம்பிக்கை உள்ளவரைதான் நாற்காலி.

நம் மூன்று அரசுகளின் அவைகளில் பிள்ளைகள் கண்ணெதிரே பார்க்கக்கூடியது கிராம சபை ஒன்றுதான். 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்து அதற்கு அரசமைப்புத் தகுதி கொடுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்படுகிறது. எழுந்து கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். கணக்குக் கேட்கும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் ஊர்ச் சபையின் வாரியத்துக்கு வரக்கூடாது என்று உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு கண்டிப்பாகச் சொல்கிறது. அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அன்றைக்கே ஊரில் கிராம சபை கூடுகிறது. அழைத்துக்கொண்டு போங்கள்.