மின்சார சபையைப் பிரித்தால் மயிலிட்டிக்கு என்ன லாபம்?

2017 ஜூலையில் விடுவிக்கப்பட்ட மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் வியாபாரம் ஐஸை நம்பியது. ஐஸ் மின்சாரத்தை நம்பியது. 1969இல் அமைந்த இலங்கை மின்சார சபையைப் பிரிக்க 2024இல் சட்டம் வந்தது. 2025 திருத்தம் அதன் வேலைகளை உற்பத்தி, கடத்தல், விநியோகம், முறைமை இயக்கம் என அரச கம்பனிகளுக்குப் பிரித்தது.

பிரித்தால் மட்டும் சேவை திருந்தாது. 1983இல் உருவான லெக்கோவும் அரசுக்குச் சொந்தமான கம்பனிதான். உள்ளூராட்சி மன்றங்களின் விநியோகத்தைப் பொறுப்பேற்று, கம்பிகளையும் மின்மானிகளையும் சீர்செய்து, கட்டணத்தை ஒழுங்காக அறவிட்டே அது மின்னிழப்பைக் குறைத்தது.

பிரிவினையின் நன்மை, எந்தப் பகுதியில் நட்டம் என்று தனிக்கணக்கில் தெரிவதுதான். கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கிறது. மீனவர் சங்கங்களும் வர்த்தகர்களும் அங்கே இரண்டு கணக்கைக் கேட்க வேண்டும்: மின்தடை எத்தனை மணித்தியாலம்? இழப்பு எத்தனை வீதம்?